நுவரெலியாக்கு வேன்ல போய் கோயில், பள்ளிவாசல், சேர்ச், பன்சல (பௌத்த விகாரை) எல்லாம் பாக்கிறது: மட்டக்களப்பு அம்பாறை ஆக்கள் அடிக்கடி கேக்கிற கேள்விகள்

லீவு வந்தா நம்ம பக்கத்துல இருந்து வேன் வேனா நுவரெலியாக்குப் போறாங்க. போறதுக்கு முன்னுக்கு ஒரே கேள்வியளத்தான் திரும்பத் திரும்ப கேக்கிறாங்க, அதுவும் ஒரே வேன்ல தமிழாக்கள், முஸ்லிம் ஆக்கள், வேதக்காரர் (கிறிஸ்தவ ஆக்கள்) எண்டு கலந்து போறவங்க கேக்கிறது கூட. அதான் எல்லாத்தையும் ஒரு இடத்துல எழுதி வச்சிருக்கன்.

எந்த ரோட்டால போறது நல்லம்?

மட்டக்களப்புல இருந்து எண்டா செங்கலடிச் சந்தியில திரும்புங்க, அவ்வளவுதான். அந்த ஏ5 ரோடு செங்கலடியில தொடங்கி கரடியனாறு, புல்லுமலை, மகாஓயா, பதியத்தலாவ, பிபிலை, லுணுகலை, பசறை, பதுளை, வெலிமடை எண்டு ஏறி நுவரெலியாவால பேராதனை வரைக்கும் போகுது, சீதை அம்மன் கோயிலும் அதே ரோட்டுக் கரையிலதான் இருக்கு, அதால வேற ரோடு தேடி அலைய வேண்டியதில்ல. ஏறத்தாழ 200 கிலோமீட்டர், ஆனா தூரத்தப் பாத்து நேரம் கணக்குப் போடாதீங்க, பசறைக்கு அங்கால முழுக்க வளைவு, ஆறேழு மணித்தியாலம் வைங்க. அம்பாறை ஆக்கள் உகனையால மகாஓயாக்கு வந்து இதே ரோட்டைப் பிடிக்கலாம். பொத்துவில், அக்கரைப்பற்றுப் பக்கத்து ஆக்களுக்கு சியம்பலாண்டுவ, மொனராகலையால ஏறுறது லேசு.

ட்ரெயின்ல போற யோசனை இருந்தா பதுளை வரைக்கும் பஸ்ல போய் அங்கிருந்து நானுஓயாக்கு எடுக்கலாம், நானுஓயா ஸ்டேசன்ல இருந்து டவுன் ஒரு எட்டு கிலோமீட்டர் இருக்கும். ஆனா வயசானவங்களோட போறதெண்டா வேன்தான் சரி.

எந்த மாசம் போறது?

தை, மாசி, பங்குனி. மழை குறைவு, வானம் தெளிவு, ஆனா விடியக்காலமையில குளிர் நல்லா அடிக்கும். சித்திரை வருசத்தோட சேத்துப் போறதுதான் நம்ம ஆக்கள்ட பழக்கம், அந்த நேரம் அங்க சீசன், பூக் கண்காட்சி, குதிரை ரேஸ் எண்டு சனம் குமிஞ்சு போயிருக்கும், ரூம் விலை ரெண்டு மூண்டு மடங்கு, கோயிலுக்குள்ள ஆறுதலா அஞ்சு நிமிசம் நிக்க ஏலாது. கும்பிடத்தான் போறீங்க எண்டா சித்திரையை விடுங்க. ஐப்பசி, கார்த்திகை மழையில மண்சரிவு பயம் இருக்கு, வெளிக்கிட முன்னுக்கு ரோடு திறந்திருக்கா எண்டு கேட்டுத்தான் போகணும்.

கிழமையும் பாருங்க. வேன்ல முஸ்லிம் ஆக்கள் இருந்தா வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு முன்னுக்கு வேன் டவுனுக்குள்ள நிக்கணும், ஜும்மாவை விட்டுட்டு ஹக்கல பூந்தோட்டத்துல சுத்திக்கொண்டு நிக்க வைக்கக் கூடாது. வேதக்காரர் இருந்தா ஞாயிறு காலமை பூசைக்கு நேரம் விடுங்க. போயா (பௌர்ணமி நாள்) எண்டா பன்சலையில சனம் கூட, இறைச்சிக்கடை பூட்டு.

என்னென்ன இடம் இருக்கு? ஒரு நாளைக்குள்ள முடிக்கலாமா?

முடிக்கலாம், ஆனா முடிக்கிற வேலை இல்ல இது. ரெண்டு ராத்திரி நிண்டா நல்லம்.

வெலிமடைப் பக்கத்தால வாற உங்களுக்கு முதல்ல ஹக்கல தோட்டம், மறுகா கொஞ்ச தூரத்துல சீதாஎலிய, அங்க ரோட்டுக் கரையிலேயே சீதை அம்மன் கோயில். அங்கிருந்து டவுனுக்கு அஞ்சு கிலோமீட்டர் மட்டுல. டவுனுக்குள்ள காயத்ரி பீடம், ஹோலி டிரினிட்டி சேர்ச், கத்தோலிக்க ஆக்கள்ட சேவியர் தேவாலயம், ஜும்மாப் பள்ளி, பன்சல எல்லாம் ஒண்டுக்கொண்டு கிட்டக் கிட்ட. ரம்பொடை ஆஞ்சநேயர் கோயில் கண்டிப் பக்கத்து ரோட்டுல, நுவரெலியாவைத் தாண்டி இன்னும் ஒரு மணித்தியாலம் மட்டுல கீழ இறங்கணும், சின்மயா மிஷன் ஆக்கள் 1999 இல கட்டின கோயில் அது, நல்ல உயரமான சிலை. நம்ம பக்கத்தால போய் அதே பக்கத்தால திரும்புறவங்களுக்கு அது தனிப் பயணம், நேரம் இருந்தா மட்டும் போங்க.

சீதை அம்மன் கோயில்ல என்ன விசேசம்?

ராவணன் சீதையை வச்சிருந்த அசோகவனம் இதுதான் எண்டு சொல்லுவாங்க, ஹக்கல பக்கத்துக் காடும் அதோட சேர்த்தி எண்டு நம்பிக்கை. கோயிலுக்குப் பக்கத்தால ஒரு ஓடை ஓடுது, அந்த ஓடைக் கரைப் பாறையில குழி குழியா இருக்கிறதை அனுமார்ட கால்தடம் எண்டு காட்டுவாங்க, சீதை குளிச்ச தண்ணி எண்டு அந்த ஓடையையும் கும்பிடுவாங்க. கோயில்ல இருக்கிற பழைய சிலையள் அந்த ஓடைக்குள்ள இருந்துதான் கிடைச்சதாம். 2024 வைகாசியில கும்பாபிஷேகம் நடந்தது, அதுக்கு அயோத்தி சரயு நதியில இருந்து தண்ணி கொண்டு வந்தாங்க. இப்ப இந்தியாவுல இருந்து ராமாயண யாத்திரை எண்டு பஸ் பஸ்ஸா வாறாங்க, அதால பத்து மணிக்குப் பிறகு உள்ளுக்குப் போனா தள்ளுமுள்ளுதான். வெள்ளன போனா ஓடைச் சத்தம் கேக்கும், ஐயரும் ரெண்டு வார்த்தை கதைப்பார்.

பாறை வழுக்கும், சின்னப்புள்ளையள கையில பிடிங்க. குரங்கு நிறைய, தேங்காய் பழத்தட்டை வெளிய தூக்கிப் பிடிச்சுக்கொண்டு நடக்காதீங்க.

ராவணன் நம்மட ராசா, பெரிய சிவபக்தன். நாம ஏன் சீதைக்குக் கோயில் கும்பிடப் போகணும்?

இந்தக் கேள்வி கிழக்குல இருந்து மட்டும்தான் வரும், வாறது ஞாயமும்தான். கோணேசர் கோயில்ல ராவணன் வெட்டு, கன்னியாயில தாய்க்குக் கடமை செய்ய ராவணன் உண்டாக்கின வெந்நீர்க் கிணறு எண்டு சின்னதுல இருந்து கேட்டு வளந்த ஆக்கள் நாம. ஆனா நான் என்ன நினைக்கிறன் எண்டா, சீதைக்கு முன்னால கும்பிடுறதால ராவணனைத் தள்ளி வச்சதா ஆகாது. சீதையைத் தொடாம, இருந்த குடிலை நிலத்தோட பேத்துத் தூக்கிக்கொண்டு வந்தான் எண்டுதான் கம்பரே பாடி வச்சிருக்கார். ஊரை விட்டு, சொந்தத்தை விட்டு, எப்ப கூட்டிப் போக வருவாங்க எண்டு காத்துக்கொண்டு இருந்த ஒரு பொம்புளை அவ. காணாமல் போன பிள்ளையளத் தேடி இன்னும் ரோட்டுல இருக்கிற தாய்மார் உள்ள மாகாணம் நம்மட, அவங்கள்ல ஒராள் அந்த ஓடைக் கரையில நிண்டு அழுறதை நான் பாத்திருக்கன். அவவுக்கு யார்ட பக்கம் எண்ட வழக்கு ஒண்டும் இருக்கல்ல.

கும்பிட மனமில்லாட்டி ஓடையைப் பாத்துட்டு வெளிய நில்லுங்க. ஆனா உள்ளுக்கு நிண்டு கும்பிடுற ஆக்களுக்கு முன்னால இந்த வாதத்தைத் தொடங்காதீங்க.

காயத்ரி பீடம் என்னது?

முருகேசு சித்தர் எண்டவர் உண்டாக்கின இடம், காயத்ரி அம்மனுக்கெண்டு இலங்கையில முதல் கட்டின கோயில் எண்டு சொல்லுவாங்க. உள்ளுக்கு லங்காதீஸ்வரர், நர்மதை ஆத்துல எடுத்த பாணலிங்கம். ஆறுதலா இருந்து தியானம் செய்ற ஆக்கள் கூட வாற இடம், சத்தம் போட்டுக் கதைக்கக் கூடாது, போனை சைலன்ட்ல போடுங்க.

மீன் சாப்பிட்டுட்டு கோயிலுக்குப் போகலாமா? துடக்கு (தீட்டு) எண்டா?

நம்ம ஆக்களுக்கு மீன் இல்லாம மூண்டு நேரம் தாண்டுறது கஷ்டம்தான், அதால ஒழுங்கை மாத்திக்கொள்ளுங்க, காலமை குளிச்சு கோயில், மத்தியானம் சாப்பாடு, மறுகா தோட்டம், குளம், சேர்ச். வழிச் சாப்பாட்டுக்கு மீன் பொரிச்சுக் கட்டினா அது போற அண்டைக்கு, கோயிலுக்குப் போற அண்டைக்கு வேண்டாம்.

துடக்கு விசயம் அவங்கவங்கட வீட்டுப் பழக்கம். வேன்ல வந்த ஒரு பிள்ளைக்கு மாசத்துடக்கு வந்துட்டா அவவைத் தனிய வேனுக்குள்ள இருத்திட்டு எல்லாரும் போறது நல்லா இல்ல, ஒராள் துணைக்கு நிண்டு ஹக்கல தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்க, 1861 இல சிங்கோனா நட்டுத் தொடங்கின தோட்டம் அது, பாக்க அரை நாள் பத்தாது.

நாங்க முஸ்லிம் ஆக்கள், கூட்டாளி குடும்பத்தோட வாறம். அவங்க கோயிலுக்குள்ள போகக்குள்ள நாங்க என்ன செய்றது?

உள்ளுக்குப் போறதா இல்லையா எண்டு நான் சொல்ல ஏலாது, உங்கட மார்க்கம் தெரிஞ்ச ஆக்கள்ட்ட கேளுங்க. நான் சொல்றது கூட்டிக்கொண்டு போற தமிழாக்களுக்கு. "சும்மா வாங்க, ஒண்டும் ஆகாது" எண்டு கையைப் பிடிச்சு இழுக்காதீங்க. திருநீறு, பொட்டு வைக்கத் தட்டை நீட்டாதீங்க. பிரசாதத்தை கையில திணிக்காதீங்க, வேண்டாம் எண்டா முகத்தைச் சுழிக்காதீங்க, அவங்க உங்களை மதிக்காததால இல்ல, அவங்கட ஈமானுக்கு அது ஒத்துவராததால. அதே மாதிரி வெளிய நிக்கிறவங்களும் "எவ்வளவு நேரம்" எண்டு கோல் எடுத்துக்கொண்டு இருக்காம கும்பிட விடுங்க.

ஒருக்கா எங்களோட வந்த ஒரு உம்மா சீதை அம்மன் கோயிலுக்கு வெளிய எங்கட எல்லார்ட செருப்பையும் ஹேண்ட்பேக்கையும் பாத்துக்கொண்டு இருந்தா. பின்னேரம் அவவும் மகளும் தொழுது முடியுற வரைக்கும் எங்கட மாமி அவவுட பேரப்புள்ளையைத் தூக்கி வச்சுக்கொண்டு நிண்டா. ஆர்ட நம்பிக்கையும் அதால குறைஞ்சு போகல்ல.

நமக்கு இது புதுசும் இல்லயே. கல்முனைக் கடற்கரைப் பள்ளியில நாகூர் ஷாகுல் ஹமீது வலியுல்லாட பேர்ல கொடி ஏறக்குள்ள தமிழாக்களும் நேர்த்தியோட போனவங்க, ஆயித்தியமலை மாதா கோயிலுக்கு மெழுகுதிரியோட போற சைவ ஆக்கள் எத்தனை பேர். இடையில நடந்த கெட்ட காலம் நமக்குத் தெரியும், ரெண்டு பக்கமும் செத்தவங்க இருக்காங்க, இன்னும் ஒண்டா வேன் பிடிக்க யோசிக்கிற குடும்பங்கள் இருக்கு. அதாலதான் இந்தப் பயணத்துல ஆரும் மனம் நோகக் கூடாது எண்டு இவ்வளவு நீட்டிச் சொல்றன்.

மற்ற ஆக்கள் பள்ளிக்குள்ள போய்ப் பாக்கலாமா?

கேட்டுட்டுப் போங்க. வாசல்ல நிக்கிறவர்ட்ட "நாங்க மட்டக்களப்பு, பாக்கலாமா" எண்டு கேட்டா பெரும்பாலும் விடுவாங்க, தொழுகை நேரமா இருக்கக் கூடாது. பொம்புளையள் போற இடம் பள்ளிக்குப் பள்ளி வேற, விடல்ல எண்டா வாதாட வேண்டாம். தலையை மூடி, கை கால் மறையுற உடுப்பு, ஒழு செய்ற (தொழ முன்னுக்குக் கழுவிச் சுத்தமாகிற) தண்ணித் தொட்டியில கால் கழுவுறதெண்டு இறங்காதீங்க, தொழுறவருக்கு முன்னால குறுக்க நடக்காதீங்க.

சேர்ச்ல?

ஹோலி டிரினிட்டி அங்கிலிக்கன் சேர்ச், 1852 இல பிரதிஷ்டை செய்தது, கல்லுல கட்டினது, சுத்திவர பழைய கல்லறையள். வெள்ளைக்காரர் நோய் ஆற வந்து தங்கின மலையூரா இருந்த காலத்துல வந்தது அது, 1820களின் கடைசியிலதான் நுவரெலியா அப்படி வளரத் தொடங்கினது. கல்லறையில எழுதியிருக்கிற வயசைப் பாருங்க, கைக்குழந்தையளும் இருக்கு. கல்லறைக்கு மேல ஏறி இருந்து போட்டோ எடுக்கிற ஆக்களைக் கண்டிருக்கன், அது ஆர்டையோ பிள்ளை.

யானையோட சீவிக்கிற அம்பாறை ஆக்களுக்கு இன்னொண்டு சொல்லணும். மேஜர் ரொஜர்ஸ் எண்ட வெள்ளைக்கார அதிகாரி ஆயிரத்துக்கு மேல யானையைச் சுட்டுச் சாகடிச்சவர், 1845 இல ஹப்புத்தளையில இடி விழுந்து செத்தார், அவர்ட கல்லறை நுவரெலியா கோல்ப் மைதானத்துக்குக் கிட்ட பழைய மயானத்துல கிடக்கு. அந்தக் கல்லறையிலயும் இடி விழுந்தது எண்டு அங்க சொல்லுவாங்க.

பூசை நடக்கக்குள்ள உள்ளுக்குப் போனா பின்னால உள்ள வாங்குல (பெஞ்சுல) இருங்க, எல்லாரும் எழும்பினா எழும்புங்க. நற்கருணைக்கு வரிசை போகக்குள்ள மட்டும் நீங்க போகாதீங்க, அது பிரசாதம் குடுக்கிற மாதிரி எல்லாருக்கும் குடுக்கிறது இல்ல, வேதத்துல சேந்து அதுக்கெண்டு ஆயத்தம் எடுத்த ஆக்களுக்கு. 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு பெரிய பூசைக்கு பேக் செக் பண்ணுற இடங்கள் இருக்கு, மட்டக்களப்பு சீயோன் சேர்ச்ல என்ன நடந்தது எண்டு தெரிஞ்ச நாம அதுக்குச் சலிக்கக் கூடாது, பேக்கை நாமளே திறந்து காட்டுவம்.

பன்சலையில?

செருப்பு தொப்பி கழட்டணும், வெள்ளை உடுப்பு எண்டா நல்லம், தோள் முழங்கால் மூடணும். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி செல்ஃபி எடுக்காதீங்க, அதை அவங்க பெரிய அவமரியாதையா எடுப்பாங்க. சிங்களம் தெரியாட்டியும் பரவாயில்ல, பூவை வச்சுக் கும்பிட்டா விளங்கும்.

சிவனொளிபாதத்தையும் சேத்துப் போகலாமா?

சேக்காதீங்க, அது தனிப் பயணம். மார்கழிப் போயாவுல இருந்து வெசாக் போயா வரைக்கும்தான் சீசன், நல்லதண்ணியில இருந்து சாமத்துல ஏறத் தொடங்கி அஞ்சாயிரத்துக்கு மேல படி, உச்சி 2,243 மீட்டர், சூரியன் எழும்புறதை மேல நிண்டு பாக்கிறது. முழங்கால் நோ உள்ளவங்க நுவரெலியா அலைச்சலுக்குப் பிறகு அதுக்கு ஏலாது.

ஆனா இந்தக் கலந்த வேன் ஆக்களுக்கு அந்த மலை மாதிரி இன்னொரு இடம் இலங்கையில இல்ல. உச்சியில இருக்கிற ஒரே பாதத்தை சைவ ஆக்கள் சிவன்ட பாதம் எண்டும், பௌத்த ஆக்கள் புத்தர்ட ஸ்ரீபாதம் எண்டும், முஸ்லிம் ஆக்கள் ஆதம் நபி இறங்கின இடம், பாவாதமலை எண்டும், வேதக்காரர்ல கொஞ்சப்பேர் தோமையார்ட பாதம் எண்டும் சொல்றாங்க. 1344 இல இபுனு பதூதா ஏறி இருக்கார், சங்கிலியைப் பிடிச்சு ஏறின கதையை எழுதியும் வச்சிருக்கார். ஏறக்குள்ள எல்லாருக்கும் ஒரே படி, ஒரே குளிர், ஒரே பிளேன்டீக்கடை, மேல போய் அவங்கவங்க அவங்கவங்கட பேர்ல கும்பிடுறாங்க. அதுக்கெண்டே ஒரு தரம் தனியப் போங்க.

தேயிலைத் தோட்டத்துக் கோயிலுக்குள்ள போகலாமா? போட்டோ எடுக்கலாமா?

கட்டாயம் போங்க, என்னைக் கேட்டா டவுன் கோயிலை விட இதுதான் மனசுல நிக்கும். லயத்துக்கு (தோட்டத்து ஆக்கள்ட வரிசை வீடு) பக்கத்துல மாரியம்மன், தேயிலை மலைக்குள்ள முனியாண்டி, ஃபெக்டரிப் பக்கம் ரோதமுனி. ரோதை எண்டா ஃபெக்டரிச் சில்லு, மெஷினுக்குள்ள கை போகாம காக்கிற சாமி அது. 1823 இல இருந்து தமிழ்நாட்டுல இருந்து கோப்பித் தோட்டத்துக்குக் கூட்டிவந்த சனம், நடந்தே வந்து வழியில செத்தவங்க கணக்கில்ல, கோப்பி இலை நோயால அழிஞ்சு தேயிலை வந்தது, அப்பவும் அதே சனம்தான் மலையை வெட்டினது, 1948 இல குடியுரிமையையும் பறிச்சாங்க. அந்தச் சனம் ஒரு கல்லை நட்டு, ஒரு சூலத்தைக் குத்தி உண்டாக்கின கோயில் இதெல்லாம். மாசியில போனா காமன் கூத்து பாக்கலாம், வடமோடி தென்மோடிக் கூத்து பாத்து வளந்த நமக்கு அதுல ஒரு தனிச் சந்தோசம் இருக்கு, தப்பு மேளம் வேற, ஆட்டம் வேற, ஆனா விடிய விடிய இருந்து பாக்கிற சனம் ஒண்டுதான்.

போறதெண்டா தோட்டத்து ஆக்கள்ட்ட கேட்டுட்டு ஏறுங்க. கொழுந்து எடுக்கிற அக்காமாரைக் கூப்பிட்டு கூடையை வாங்கி முதுகுல கொழுவி போட்டோ எடுக்கிறது வேண்டாம், அவங்களுக்கு நாள்க்கணக்குக்கு இத்தனை கிலோ எண்டு இருக்கு, நீங்க மறிக்கிற நேரம் அவங்கட சம்பளம். உண்டியல்ல போடுறதைப் போடுங்க, திருவிழாக் காலம் எண்டா ஆர்ட்டக் குடுக்கிறது எண்டு தலைவர்மாரைக் கேளுங்க. டவுன்ல "ஸ்பெஷல் பூசை செய்து தாறன்" எண்டு வேனுக்குக் கிட்ட வாற புரோக்கர்மாருக்குக் காசு குடுக்காதீங்க, கோயில்ல ரிசீட் வெட்டித் தருவாங்க.

வயசானவங்க, சின்னப்புள்ளையள்?

கடல் மட்டத்துல இருந்து 1,868 மீட்டருக்கு ஒரே நாள்ல ஏறுறீங்க. மூச்சுத் திணறுற உயரம் இல்ல, குளிர்தான் பிரச்சினை, முட்டு (ஆஸ்துமா) உள்ளவங்க இன்ஹேலர் பம்பை கையிலேயே வச்சிருங்க. கோயில் நிலம் ஐஸ் மாதிரி, வயசானவங்களுக்கு சொக்ஸ் போட்டுக்கொண்டு வரலாமா எண்டு ஐயர்ட்ட கேட்டா பெரும்பாலும் ஓம் எண்டுவார். பசறை வளைவுல சத்தி (வாந்தி) வரும், தேசிக்காய், இஞ்சி, பொலித்தீன் பேக். காலமைச் சாப்பாட்டை மகாஓயாக்கு முன்னுக்கு லேசா முடிங்க, மகாஓயாயில வெந்நீர் ஊத்து இருக்கு, கால் நனைச்சுட்டுப் போகலாம்.

சாப்பாடு?

ஹலால் கடையும் இருக்கு, சைவக் கடையும் இருக்கு, டவுனுக்குள்ள தேட வேண்டியதில்ல. ரூம்ல சமைக்கிறதெண்டா ஆருக்கு என்ன ஆகாது எண்டு முதலே கேட்டு சட்டி பானையைப் பிரிச்சுக் கொண்டு போங்க.

திரும்பி வாறது எத்தனை மணிக்கு வெளிக்கிட?

காலமை ஒம்பது மணிக்குப் பிந்தக் கூடாது. பதுளையில மத்தியானச் சாப்பாடு, பின்னேரம் நாலரைக்குள்ள மகாஓயாவைத் தாண்டணும். இருட்டினா மகாஓயா, புல்லுமலை ரோட்டுல யானை நிக்கும், ட்ரைவர் எவ்வளவு பழகினவர் எண்டாலும் அந்த ரோட்டுல ராத்திரி வேகம் வேண்டாம். பிந்திட்டீங்க எண்டா பதுளையிலேயே ஒரு ராத்திரி தங்கிட்டு விடிய வாங்க, முதியங்கண விகாரையும் அங்கதான் இருக்கு, அதையும் பாத்துட்டு வரலாம்.